நான்காம் கம்பத்து நுகர்வோர்

பல்செட்டுக்காரரின் காரில் எந்தக் கோளாறும் இல்லை. சார்ஜ் கம்பத்திலும் இல்லை, அதில் வந்த மின்சாரத்திலும் இல்லை. மூன்று தரப்பாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காகிதம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. இருந்தும் அந்தக் கார் பதினொரு வாரம் ஒரே இடத்தில் அசையாமல் நின்றது. அதெப்படி என்று கேட்பவர்கள் இன்னும் எந்த ஆணையத்தாலும் பாதுகாக்கப்படாதவர்கள். கொடுத்துவைத்தவர்கள்.

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட்டு செய்து கொடுப்பது அவர் தொழில். மாடியில் ஒரு சின்னப் பட்டறை. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் மேசையில் காய்ந்ததுதான். மனிதர்களைப் பல்லை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார், பெயர் நிற்காது. கீழே அவரும் அவருடைய அக்காவும் குடியிருந்தார்கள். அக்கா முப்பது வருஷம் ரயில் முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டு வெளியே வந்தால் தலை நிற்காது. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறினால் அங்கேயே வாந்தி. அதற்காகத்தான் மின்சாரக் கார் வாங்கினார். உலகத்தைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. அக்காவை வாந்தியில்லாமல் வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா சாய்ந்துகொள்ள டிக்கியில் ஒரு நீலத் தலையணையும் வைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள திடலில், நான்காம் நம்பர் கம்பத்தில் காரைப் போட்டார். கம்பத்தின் வயர் நுனியில் இருக்கும் கைப்பிடிக்குக் கன் என்று பெயர். அதைக் காரின் ஓட்டையில் செருகினால் சார்ஜ் ஏறும். ஏறியது. ஏறி முடித்ததும் கம்பத்தின் திரையில் "நன்றி, இனிய பயணம்!" என்று எழுத்து வந்தது. கன் மட்டும் வெளியே வரவில்லை. இழுத்தார். ஆட்டினார். காரைப் பூட்டித் திறந்தார். தட்டிக்கொடுத்துப் பார்த்தார். ஒட்டுப் பேஸ்ட் அதிகமாகப் போட்ட பல்செட்டு மாதிரி அது ஓட்டையைக் கவ்விக்கொண்டு நின்றது. திரை தொடர்ந்து இனிய பயணம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

கார் கம்பெனிக்குப் போன் செய்தார். கன் எங்களுடையதல்ல என்றார்கள். கம்பக் கம்பெனிக்குச் செய்தார். பிடித்து வைத்திருப்பது உங்கள் கார்தான் என்றார்கள். மின்வாரியத்தில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "கரண்ட் ஒழுங்கா வந்துச்சா? வந்துச்சில்ல? அதோட எங்க வேலை முடிஞ்சுது," என்றார். மூன்று பேரும் கடைசியில் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: ஆணையத்துக்குப் போங்கள்.

தூய எரிசக்தி மாற்ற நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆறு மாடிக் கட்டடம். வாசலில் "உங்கள் பயணம் எங்கள் பொறுப்பு" என்று பெரிய எழுத்தில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. நான்காவது மாடியில், பாக்கு போட்டுக் கறை ஏறிய முன்பல்லோடு ஒரு பிரிவு எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"கார் பிரிவா, கன் பிரிவா, கரண்ட் பிரிவா?"

"தெரியல சார். கன் கார்ல மாட்டிக்கிச்சு."

"அதைத்தான் கேக்கறேன். கார் கன்னைப் பிடிச்சிருக்கா, கன் காரைப் பிடிச்சிருக்கா?"

பல்செட்டுக்காரர் யோசித்தார். பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

"ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கு சார்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ கூட்டுப் புகார். கூட்டுக்குழு போடணும். இதுவரைக்கும் போட்டதில்ல." அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. பல வருஷமாகக் காலியாக இருந்த ஒரு கோப்புக்கு வேலை வந்துவிட்டது.

வெளியே போகும் வழியில் கருத்துத் தெரிவிக்கும் பொத்தான் பெட்டி ஒன்று இருந்தது. சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். அழும் முகத்தின் மேல் "பழுது" என்று காகிதம் ஒட்டியிருந்தது. "அமுக்கி அமுக்கியே போயிடுச்சு சார்," என்றார் காவலாளி. "சிரிக்கிறது புத்தம் புதுசா இருக்கு. அமுக்கிட்டுப் போங்க."

புதன்கிழமை ஆணையத்தின் ஆய்வாளர் வந்தார். பல்லுக்குக் கம்பி போட்ட இளைஞர், மரியாதையானவர். காரைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், டிக்கியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டார். பிறகு கதவுகளுக்கும் டிக்கிக்கும் பச்சை ரிப்பன் கட்டி அரக்கு வைத்தார்.

"எதுக்கு சார் சீல்?"

"உங்க பாதுகாப்புக்குத்தான் சார். விசாரணை முடியற வரைக்கும் வண்டி உள்ளது உள்ளபடி இருக்கணும்."

"எங்க அக்காவை நாளைக்கு ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போகணுமே."

"தாராளமா கூட்டிட்டுப் போங்க சார். வண்டி மட்டும்தான் இங்க இருக்கணும்."

காரோடு கொடுத்த கையேடும் சீலுக்குள் போய்விட்டது. முந்நூறு பக்கம். முதல் இருநூறு பக்கம் எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதைப் பற்றியது. பல்செட்டுக்காரர் நூற்று நாற்பதாம் பக்கம் வரை படித்திருந்தார்.

அன்றிலிருந்து அக்காவுக்கு இரண்டு பஸ். முதல் பஸ் சூப்பர் மார்க்கெட் நிறுத்தத்திலிருந்து, இரண்டாவது ஆஸ்பத்திரி வரை. திரும்பும்போது அதே இரண்டு பஸ், தலை நிற்காமல். டாக்சி கூப்பிட்டால் வருகிறேன் என்பார்கள், பாதி நாள் வரமாட்டார்கள். வந்தால் பெட்ரோல் வாடை. பஸ் படியில் ஒருமுறை அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற ஒரு பெண்மணி தாங்கிப் பிடித்தார். பல்செட்டுக்காரருக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு மேல்வரிசைக்குப் பதினான்குக்குப் பதில் பதினைந்து பல் வைத்துவிட்டு, பிறகு எண்ணிப் பார்த்து ஒன்றைப் பிடுங்கினார்.

போதாததற்கு ஆணையத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கார் நகரவில்லை என்று புகார்தாரர் தினமும் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பதிவேடு நான்காவது மாடியில் இருந்தது. நகராத காரை நகரவில்லை என்று சொல்ல அவர் தினமும் ஒன்றரை மணி நேரம் நகர்ந்தார்.

"வண்டி திடல்ல நிக்குது. நான் இங்க வந்து கையெழுத்துப் போட்டா, அது நகரலைன்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டார் ஒருநாள்.

"நகர்ந்திருந்தா நீங்க வண்டியிலயே வந்திருப்பீங்கல்ல," என்றார் எழுத்தர். பல்செட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

நான்காவது வாரம் அக்கா தலையணையைக் கேட்டார். பஸ் ஜன்னலில் தலை இடித்து நெற்றி ஓரம் கன்றியிருந்தது. பல்செட்டுக்காரர் தலையணைக்கு மனுப் போட்டார். அதைப் பிரிவு அதிகாரியம்மாள் நேரடியாக விசாரித்தார். வரிசை தப்பாத, அழகான பற்கள்.

"தலையணை சாட்சிப் பொருள் சார். கொடுக்க முடியாது. வேணும்னா அதோட நகல் தர்றோம்."

"தலையணைக்கு நகலா மேடம்?"

"போட்டோ."

கொடுத்தார்கள். முத்திரை குத்தி, உண்மை நகல் என்று எழுதி. அக்கா அதை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "நாங்க கவுண்டர்ல உக்காந்து ஜனங்களை ரொம்பப் படுத்தியிருக்கோம்டா. ஆனா இந்த அளவுக்கு எங்களுக்கு மூளை இல்ல," என்றார்.

ஏழாவது வாரம் பல்செட்டுக்காரருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. நான்காம் கம்பத்தை இத்தனை நாளாக ஒரே ஆள் பிடித்து வைத்திருப்பதால் மற்றவர்கள் சார்ஜ் போட முடியவில்லை என்று இருபத்து மூன்று நுகர்வோர் புகார் கொடுத்திருந்தார்கள். நுகர்வோரை நுகர்வோரிடமிருந்து பாதுகாக்கும் பிரிவில் அவர் ஆஜராக வேண்டும். போனார். அதே நான்காவது மாடி, அதே அறை, அதே அதிகாரியம்மாள். அவர் எழுந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து வேறு ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏன் சார் பொதுக் கம்பத்தை ஆக்கிரமிச்சிருக்கீங்க? உடனே வண்டியை எடுங்க."

"நீங்கதான மேடம் எடுக்கக்கூடாதுன்னு சொன்னீங்க!"

"அது அந்த நாற்காலி," என்றார் அவர் பொறுமையாக. "அங்க நான் உங்களைப் பாதுகாக்கறேன். இங்க உங்ககிட்டேர்ந்து மத்தவங்களைப் பாதுகாக்கறேன். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"அப்போ நான் என்னதான் செய்யறது?"

"வண்டியை எடுத்தா அந்தப் புகார்ல குற்றம். எடுக்கலேன்னா இந்தப் புகார்ல குற்றம். சட்டம் தெளிவா இருக்கு. முடிவு உங்க விருப்பம். நுகர்வோரோட தேர்வு உரிமையில நாங்க எப்பவும் தலையிடறதில்ல."

பல்செட்டுக்காரர் எழுந்து வெளியே நடந்தார். போகிற வழியில் பழுதான முகத்தை அமுக்கினார். சத்தம் ஒன்றும் வரவில்லை.

பதினோராவது வாரம் நுகர்வோர் பாதுகாப்பு வாரம். தொடக்க விழாவை எங்கே வைப்பது என்று யோசித்த ஆணையம், தன் பாதுகாப்பில் அதிக நாள் இருந்த பொருள் எது என்று கோப்பைப் புரட்டியது. நான்காம் கம்பம் கிடைத்தது. திடலில் துணிக் கூடாரம் எழுந்தது. காரைக் கழுவினார்கள், ரிப்பனை மட்டும் நனைக்காமல். பக்கத்தில் ஒரு பலகை நட்டு, டிக்கியில் இருந்த பொருள்களின் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் "பாதுகாக்கப்பட்ட நுகர்வோர்" என்று அட்டை ஒட்டி, பல்செட்டுக்காரருக்கு அழைப்பு அனுப்பினார்கள். விழா வியாழக்கிழமை, காலை எட்டரை மணி.

"வியாழக்கிழமை அக்காவுக்கு டயாலிசிஸ்ங்க," என்று போனில் சொன்னார்.

"பரவாயில்ல சார், அவங்களையும் கூட்டிட்டு வாங்க," என்றார்கள்.

அவர் போவதாக இல்லை. ஆனால் அன்று காலை அக்காவோடு நிறுத்தத்துக்கு வந்து பார்த்தால் பஸ்ஸே இல்லை. விழாவுக்காகத் தூய எரிசக்தி ஊர்வலம் போகிறதாம், சாலையை இரண்டு பக்கமும் அடைத்திருந்தார்கள். டாக்சியும் உள்ளே வர முடியாது. செவ்வாய்க்கிழமை பஸ் தாமதமாகி, நர்ஸ் பாதி நேரத்திலேயே மெஷினை நிறுத்த வேண்டியிருந்தது. அதனால் அக்காவுக்குக் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. நான்கு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. தெருவில் நிற்க முடியாமல் கூடாரத்துக்குள் கூட்டி வந்து, தனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். இன்றைக்கும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பல்செட்டுக்காரர் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தார். போனில் ஆம்புலன்ஸ்காரர்கள், ஊர்வலம் முடிந்தால் வருகிறோம் என்றார்கள்.

மேடையில் ஆணையத் தலைவர் பேச ஆரம்பித்தார். அவர் வாயைத் திறந்ததுமே பல்செட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. மேல்வரிசை, போன வருஷம், இடது கோரைப்பல்லில் லேசான சாய்வு. தன் கையால் செய்தது.

"அன்பார்ந்த நுகர்வோர்களே! ஒரு காலத்தில் மக்கள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கார் ஓட்டிக்கொண்டு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இருண்ட காலம் முடிந்தது. இதோ, இந்தக் காரைப் பாருங்கள். பதினொரு வாரத்தில் ஒரு விபத்து உண்டா? ஒரு கீறல் உண்டா? புகை இல்லை, சத்தம் இல்லை. மின்சாரம்கூடச் செலவாகவில்லை! இதைவிடத் தூய்மையான வாகனம் எங்கே இருக்கிறது? எல்லாக் கார்களையும் இந்த நிலைக்குக் கொண்டுவருவதே எங்கள் லட்சியம்!"

கைதட்டினார்கள். அக்கா கைதட்டவில்லை. அவர் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷக் கவுண்டர் பழக்கம், கண்ணில் படும் எந்தப் படிவத்தையும் கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டார்.

"டேய் தம்பி. நம்ம டிக்கியில... சிவப்புக் கயிறு எதுக்குடா?"

"கயிறா? அப்படி எதுவும் இல்லையேக்கா."

"ஏழாவது பாரு."

பார்த்தார். தலையணை, நீலம், ஒன்று. குடை ஒன்று. தண்ணீர் பாட்டில் இரண்டு. ஏழாவதாக: சிவப்புக் கயிறு, குட்டையானது, ஒன்று. முன்வரிசை ஓரத்தில் நின்ற ஆய்வாளரிடம் ஓடினார். ஆய்வாளர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அது வண்டியோடவே வர்றது சார், டிக்கி ஓரத்துல கம்பளத்துக்கு அடியில. அவசரத்துக்கு. இழுத்தா கன் வெளிய வந்துடும். கையேட்டுல இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே தெரியும் சார். தெரிஞ்சதாலதான பட்டியல்ல விடாம எழுதினேன்." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ஏன்ப்பா சொல்லல?"

"எப்படி சார் சொல்றது? நாங்க நடுநிலை. உங்களுக்கு வழி சொன்னா உங்க பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும். அதுவுமில்லாம, சொன்னா பிரச்னை தீந்துடுமே. அப்புறம் கூட்டுக்குழு எதை விசாரிக்கும்?"

பல்செட்டுக்காரர் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. அந்தக் கம்பி போட்ட பல்லைப் பார்த்து முதல்முறையாகக் கை துறுதுறுத்தது. அதற்குள், பின்னாலிருந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா எழுந்துவிட்டார். மேடையோரம் ஒரு தட்டில், தலைவர் ரிப்பன் வெட்டுவதற்கென்று கத்தரிக்கோல் பளபளவென்று இருந்தது. அக்கா ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதை எடுத்தார். அட்டை ஒட்டிய நாற்காலியிலிருந்து எழுந்தவர் என்பதால் யாரும் தடுக்கவில்லை. இரண்டு பேர் வழிகூட விட்டார்கள். வீங்கிய காலை இழுத்து இழுத்துக் காரிடம் போய், டிக்கி ரிப்பனை வெட்டினார். கூட்டம் கைதட்டியது. தலைவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். நிகழ்ச்சி நிரலை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா தலையணையை நகர்த்தி, ஓரத்துக் கம்பளத்தை விலக்கி, கயிற்றைப் பிடித்து இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். கன் கழன்று தரையில் விழுந்தது. பதினொரு வாரம், ஒரு இழுப்பு. பல்செட்டுக்காரர் கதவு ரிப்பனைக் கையாலேயே பிய்த்துக்கொண்டு உள்ளே ஏறினார். அக்கா பின்சீட்டில் தலையணையோடு சாய்ந்தார். கம்பத்தின் திரை "நன்றி, இனிய பயணம்!" என்றது. முதன்முறையாக உண்மையைச் சொன்னது. ஊர்வலத்துக்காரர்கள், வால்போல் பச்சை ரிப்பன் பறக்க வரும் காரைப் பார்த்து, அதுவும் ஊர்வலத்தில் சேர்ந்தது என்று தடுப்பைத் திறந்துவிட்டார்கள். நாற்பது நிமிஷம் தாமதம். நர்ஸ் முறைத்துக்கொண்டே மெஷினை மாட்டிவிட்டார். நான்கு மணி நேரம் முழுசாக ஓடியது. வெளி வராந்தாவில் உட்கார்ந்து பல்செட்டுக்காரர் வெட்கத்தை விட்டு அழுதார்.

ஆணையத்தின் மாத அறிக்கையில், நான்காம் கம்பத்தை விடுவித்து இருபத்து மூன்று புகார்களை ஒரே நாளில் தீர்த்ததாக வந்தது. கம்பம் இப்போது சாட்சிப் பொருள் என்பதால் அதற்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, இரண்டாம் கம்பத்தில் ஒருவர் கன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காலைக்கூடக் காரில் முட்டுக் கொடுத்திருந்தார். பல்செட்டுக்காரர் இறங்கிப் போய் டிக்கியைத் திறக்கச் சொல்லிக் கயிற்றைக் காட்டினார். அரை நிமிஷம் ஆகவில்லை.

"சார், நீங்க ஆணையத்திலேர்ந்தா?" என்றார் அந்த மனிதர், கண் கலங்க.

பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. "ஏம்ப்பா, உதவிதான செஞ்சான்? எதுக்கு அவனைத் திட்டற?" என்றார் அக்கா.

மறுநாள் பல்செட்டுக்காரர் ஓர் அட்டையில், பட்டறையில் அச்சுக்கு அடையாளம் வைக்கும் சிவப்பு மையால் எழுதி, திடலின் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்: "கன் மாட்டிக்கொண்டால் டிக்கியில் சிவப்புக் கயிறு இருக்கும். இழுக்கவும்."

ஒரு மாதத்தில் கன் பற்றிய புகார்கள் நின்றுபோயின. ஆணையத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். புகார் வரத்து இப்படி விழுந்ததற்கு நுகர்வோரிடம் விழிப்புணர்வு குறைந்ததே காரணம் என்று முதலில் முடிவு செய்தார்கள். பிறகு யாரோ அட்டையைப் பார்த்துவிட்டார்கள்.

நோட்டீஸ் வந்த அன்று செவ்வாய்க்கிழமை. அக்கா மெஷினோடு கிடந்தபடி, ஊசி குத்தாத கையால் அதைப் பிடித்து வாய்விட்டுப் படித்தார்.

"தாங்கள் ஆணையத்தின் உரிமம் பெறாமல், பொது இடத்தில் அட்டை தொங்கவிட்டு, நுகர்வோரைப் பாதுகாத்ததாகத் தெரியவருகிறது. இக்குற்றத்துக்கு விளக்கமளிக்க வரும் வியாழன் காலை ஒன்பது மணிக்கு, மேற்படி அட்டையோடு ஆஜராகவும்..."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. கை ஆடி, குழாய் மடங்கி, மெஷின் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்தார்.

"கையை ஆட்டாதீங்கம்மா! எத்தனை தடவை சொல்றது!"

அக்கா கையை நேராக வைத்துக்கொண்டார். சத்தம் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போய், கைவிரலைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அந்த அட்டை இப்போ எங்கடா இருக்கு?"

"அங்கேயேதான் தொங்குதுக்கா. கழட்டிடட்டுமா?"

"வேணாம். உள்ளது உள்ளபடி தொங்கட்டும். வியாழக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி, உனக்கு வண்டி ஓட்டற வேலை. அவங்களுக்கு அவசரம்னா இங்க வரட்டும், நாலு மணி நேரம் நான் எங்கயும் போகமாட்டேன்."

பல்செட்டுக்காரர் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்தார். மெஷின் நிற்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. காரின் பின்சீட்டில் தலையணையைத் தட்டிப் போட்டு, வாசலுக்குக் கொண்டுவருவதற்காகக் கீழே இறங்கினார்.